நெளிகோடு காணாமல் போன செவ்வாய்க்கிழமை

"செத்துப்போன அந்தம்மாவுக்கு வயசு முப்பத்தொன்பது," என்றான் ரேடியோ, லிஃப்ட் கதவு மூடியதும். "விசாரணை நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. நம்ம கையில இருக்கிற துப்பு பூஜ்யம். அண்ணி, இந்த லிஃப்ட்தான் மேல போகுது. நாம கீழ போயிட்டிருக்கோம்."

புரூஃப், ஐந்தாவது மாடி எப்போது வரும் என்று மேலே ஓடிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் அவள். அச்சகத்தை மூடிய பிறகு அதே கண்ணை வைத்துக்கொண்டு துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டாள். வேலை மாறினாலும் 'புரூஃப் மேடம்' என்ற பெயர் மாறவில்லை. ரேடியோ அவளுடைய கணவனின் தம்பி. விளையாட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தவன், அதை விட்டுவிட்டு மூன்று வருடமாக அண்ணியோடு சுற்றுகிறான். வாயை அணைக்க ஸ்விட்ச் கிடையாது என்பதால் குடும்பமே வைத்த பெயர் அது.

அவர்களை அமர்த்தியிருந்தது ஒரு மூன்றாம் வகுப்பு டீச்சர். அவளுடைய கணவன் இந்தக் கம்பெனியில் ப்ரோகிராமர். ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் கையில் செருகிய ஊசி வழியாக மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்துகிற பம்ப் ஒன்று உண்டு. அதற்கான கோட் எழுதுகிற கம்பெனி. இரண்டு மாதத்துக்கு முன் அவன் எழுதிய ஒரு வரி தப்பாகி, ஆபரேஷன் முடிந்து நன்றாகத் தேறிக்கொண்டிருந்த ஒரு பெண் பம்ப் பக்கத்திலேயே இறந்துபோனாள்.

"தப்பு அவர் எழுதினதுதான், ஒத்துக்கிறார்," என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தாள். "ஆனா தப்பைக் காட்டிக் குடுக்கிற வசதியை யாரோ அவரோட கம்ப்யூட்டர்ல அணைச்சு வச்சிருக்காங்க. அவர் அணைக்கல. யாருன்னு கண்டுபிடிங்க மேடம். எனக்கு அது மட்டும் போதும்."

ஐந்தாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. குளிரில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்த சிஸ்டம் அட்மினை எல்லோரும் 'சாவி' என்றார்கள். கம்பெனியின் எல்லாக் கதவுச் சாவியும் எல்லா பாஸ்வேர்டும் அவனிடம்தான் இருந்தன.

"சுருக்கமா சொல்றேன் மேடம்," என்றான் சாவி. "கோட் எழுதற எடிட்டர்ல ரெண்டு வசதி இருக்கு. ரெண்டு எழுத்து அடிச்சா, மிச்ச வார்த்தை என்னவா இருக்கும்னு அதுவே ஒரு லிஸ்ட் காட்டும். பட்டனைத் தட்டினா முழுசா எழுதிடும். ஆட்டோ கம்ப்ளீட். இன்னொண்ணு, தப்பா எழுதினா அந்த இடத்துக்கு அடியில சிவப்பா நெளிஞ்ச கோடு போடும்."

"ஒருத்தன் அச்சு கோக்கிறவன். இன்னொருத்தி நான்," என்றாள் புரூஃப்.

"அதேதான். அன்னைக்கு அவர் 'ரேட்'னு அடிச்சிருக்கார். லிஸ்ட்ல முதல்ல வந்தது 'ரேட் பெர் ஹவர்'. அவருக்கு வேண்டியது அடுத்து இருந்த 'ரேட் பெர் மினிட்'. முதல்ல வந்ததைத் தட்டிட்டார். ஒரு மணி நேரத்துல போக வேண்டிய மருந்து ஒரே நிமிஷத்துல..."

"நெளிகோடு வந்திருக்கணுமே?"

"கண்டிப்பா வந்திருக்கும். நிமிஷக் கணக்கு கேக்கிற இடத்துல மணிக் கணக்கு வந்தா அது பிடிச்சுடும். ஆனா எடிட்டர்ல அது ஆஃப்ல இருந்துச்சு."

"அவர் எழுதினதை வேற யாரும் பார்க்க மாட்டாங்களா?"

"டீம் லீடர் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடணும். போட்டார்."

"பார்த்தாரா?"

"கையெழுத்துப் போட்டார்," என்றான் சாவி மறுபடியும்.

ரேடியோ அண்ணியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். டீச்சரின் சந்தேகம் முழுக்க அந்த டீம் லீடர் மேல்தான். தன் கணவனுக்கும் அவனுக்கும் ஒரு வருடமாகவே ஆகாது என்று சொல்லியிருந்தாள்.

"எடிட்டர்ல யார் எதை மாத்தினாலும் பதிவாகுமா?"

"தேதி, நேரம் எல்லாம் பதிவாகும்." சாவி நான்கு தாள்களை அச்சடித்து நீட்டினான். "நெளிகோட்டை அணைச்சது ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில பதினொண்ணு பத்து. தப்பான வரியை அவர் எழுதினது அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு."

"பதினொண்ணு பத்துக்கு அவர் எங்க இருந்தார்?"

"மீட்டிங்ல. பதினொண்ணுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் டீம் முழுக்க அங்கதான். கேமரா பார்த்தேன். அந்த ஒரு மணி நேரமும் அவர் சீட் பக்கம் ஈ, காக்கா கூட வரல."

"அப்போ ஈ, காக்காவை விட்டுடலாம்," என்றான் ரேடியோ. "பேய் ஏதாவது சம்பளத்துக்கு வச்சிருக்கீங்களா?"

சாவி சிரிக்காமல் கடைசி வரியில் விரலை வைத்தான். 'மெஷின் 2' என்று இருந்தது.

"அவர் அக்கவுண்ட் ரெண்டு மெஷின்ல பதிவாகியிருக்கு. ஒரு மெஷின்ல எதை மாத்தினாலும் இன்னொண்ணுலயும் தானா மாறிடும். ஒண்ணு இங்க இருக்கிறது. ரெண்டாவது கம்பெனி மெஷின் இல்ல, அதனால என் லிஸ்ட்ல கிடையாது. யாரோட சொந்த லேப்டாப்போ."

ரேடியோவின் குரல் தாழ்ந்தது. "டீம் லீடர் மீட்டிங்ல லேப்டாப் வச்சிருந்தாரா?"

"எப்பவும் மடியில வச்சிருப்பார்."

"அவருக்கு இவரோட பாஸ்வேர்டு தெரியுமா?"

"அவங்க டீம்ல எல்லாருக்கும் எல்லாரோட பாஸ்வேர்டும் தெரியும். நான் நாலு சர்க்குலர் விட்டேன்."

லிஃப்ட்டில் இறங்கும்போது ரேடியோ கிட்டத்தட்ட ஆடினான். "முடிஞ்சுது அண்ணி! மடியில லேப்டாப், மனசுல பகை. நாளைக்குப் பத்து மணிக்கு நம்ம ஆள் தப்பிச்சார்."

"தப்பு வரும்னு தெரிஞ்சா அணைச்சான்?" என்று கேட்டாள் புரூஃப். "எழுதினது நாலு மணிக்கு. அணைச்சது பதினொண்ணு பத்துக்கு. அஞ்சு மணி நேரம் முன்னாடியே எதிரிக்கு ஜோசியம் தெரியுமா?"

ரேடியோ ஆட்டத்தை நிறுத்தினான்.

கீழே வாசலுக்கு அருகே இருந்த பெஞ்சில் ஒரு ஆள் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். இறந்துபோனவளின் கணவர். பன்னிரண்டு நாளாக வேலைக்குப் போகிற மாதிரி ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்து ஆறு மணிக்குப் போகிறார் என்று வாட்ச்மேன் சொன்னான்.

"துப்பறியறவங்கதானே? அணைச்சது யாருன்னு தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்லைங்க."

"தெரிஞ்சா சொல்லுங்க. நான் அடிக்கவோ திட்டவோ போறதில்ல." அவர் ஃபைலை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "யாருன்னு தெரியாம எனக்கு எதுவும் ஓட மாட்டேங்குது."

பஸ்ஸில் கடைசி வரிசை கிடைத்தது. புரூஃப் பென்சிலை எடுத்தாள். அச்சகத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. முதலிலிருந்து படித்தால் அர்த்தம் இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை கண்ணில் படாது என்று கடைசி வரியிலிருந்து மேலே படிப்பாள். நான்கு தாள்களையும் அப்படிப் படித்து முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நாம கடைசி வரியை மட்டுமே பார்த்துக்கிட்டிருக்கோம்டா. மத்த வரியெல்லாம் யார் பண்ணினது?"

"அவரேதான். மெஷின் 1."

"படி."

ரேடியோ படித்தான். "பதினாலு மாசம் முன்னாடி, எழுத்தோட அளவு பதினாலுலேர்ந்து பதினாறு. அப்புறம் இருபது. அப்புறம் இருபத்தாறு. பின்னணி வெள்ளையிலேர்ந்து கறுப்பு. நெளிகோடு சிவப்பிலேர்ந்து மஞ்சள். ரெண்டு வாரத்துல மஞ்சள்லேர்ந்து வெள்ளை. அப்புறம் கோட்டைத் தடிமனாக்கியிருக்கார். அப்புறம் கோடே வேண்டாம்னு, தப்பு இருக்கிற வரி முழுக்க வெள்ளைப் பட்டை. பொண்ணு பார்க்கப் போறவன் கூட இத்தனை சட்டை மாத்த மாட்டான் அண்ணி."

"மேல படி."

"தப்பு வந்தா 'டிங்'னு சத்தம் வர வசதி, ஆன். ஒன்பது நாள் கழிச்சு ஆஃப்." அவன் தலையைச் சொறிந்தான். "ஆங், சாவி அவன் ரூம் செவுத்துல ஒட்டி வச்சிருந்தானே, ஹெட்ஃபோன் போடக்கூடாதுன்னு ஒரு சர்க்குலர். தேதி கிட்டத்தட்ட இதேதான். ஹெட்ஃபோன் இல்லாம டிங் அடிச்சா எல்லாருக்கும் கேட்டுடும்."

"கேட்டா என்ன?"

"ஏன் சத்தம்னு கேப்பாங்க."

"அதுக்கப்புறம்?"

"ஆட்டோ கம்ப்ளீட். லிஸ்ட்ல முதல்ல வர்றது தானாகவே தேர்வாகி நிக்கணும், ஒரே பட்டன்ல உள்ள போயிடணும்." ரேடியோவின் குரல் மெதுவானது. "லிஸ்ட்டைப் படிக்கவே வேண்டாம்கிற மாதிரி."

அவன் தாளை மடித்தான்.

"அண்ணி, அந்த ஆளுக்குக் கண்ணு தெரியலையா?"

புரூஃப் தாள்களை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

மூன்றாவது மாடியில் வீடு. டீச்சர் கதவைத் திறந்து, அவர்கள் முகத்தில் எதையோ தேடிவிட்டு, டீ போட உள்ளே போனாள். ப்ரோகிராமர் நாற்காலியிலிருந்து எழுந்து நேராக வந்து கை கொடுத்தான். தடுமாற்றமே இல்லை. ஆனால் முகத்தைப் பார்க்காமல், காது பக்கம் பார்த்துப் பேசினான். கூச்ச சுபாவம் என்று முதல் நாள் ரேடியோ நினைத்திருந்தான்.

புரூஃப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "உங்க எடிட்டர் செட்டிங்ஸ் பதிவு. சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

அவன் வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தான். கண்கள் இடமும் வலமும் ஒழுங்காக ஓடின.

"ஆமா, எல்லாம் நான் பண்ணினதுதான். கடைசி வரி மட்டும் நான் பண்ணல."

ரேடியோ எட்டிப் பார்த்தான். மாடிப்படியில் கிடந்த சலவைக் கடை நோட்டீஸ் அது. மூன்று சட்டை தேய்த்தால் ஒன்று இலவசம்.

"எத்தனை நாளா?" என்று புரூஃப் மெதுவாகக் கேட்டாள்.

அவன் புரிந்துகொண்டான். தாளை மடியில் வைத்து நீவினான். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணரை வருஷம். நடுவுல மட்டும் அழிஞ்சுட்டே வருது. ஓரமெல்லாம் தெரியும், நடக்கலாம், பஸ் ஏறலாம். யாரையாவது பார்த்தா முகம் இருக்கிற இடத்துல மட்டும் ஒரு கறை. டாக்டர் இனிமே திரும்பாதுன்னுட்டார். இவகிட்ட கண் எரிச்சல்னு சொல்லி வச்சிருக்கேன். சொட்டு மருந்து வாங்கிட்டு வர்றா."

"ஆபீஸ்ல சொல்லலாமே?"

"சொன்னா அன்னைக்கே வேலை போயிடும். எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான் மேடம்." அவன் புரூஃபின் காதுப் பக்கம் பார்த்துப் பேசினான். "வெள்ளைப் பட்டை தெரியும். அதை வச்சு ஓட்டிட்டேன். பட்டை வந்தா அந்த வரியில தப்பு, வரலைன்னா சரி. எட்டு மாசம் ஒரு தப்பு கூட வெளிய போகல. அந்தச் செவ்வாய்க்கிழமை நாள் முழுக்க ஒரு பட்டை கூட வரல. கை பழகிடுச்சுன்னு நினைச்சேன். ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன்."

டீச்சர் நான்கு டம்ளர் டீயோடு வந்தாள். கணவனுக்கு உரிய டம்ளரைக் கையிலேயே கொடுத்தாள்.

"சொல்லுங்க மேடம். அந்த டீம் லீடர்தானே?"

"இந்த வீட்டுல லேப்டாப் இருக்கா டீச்சர்?"

"இருக்கே, அவரோடது. லீவு நாள்ல அதுலதான் ஆபீஸ் வேலை பார்ப்பார். நானும் எப்பவாவது கேள்வித்தாள் அடிப்பேன்."

"அந்தச் செவ்வாய்க்கிழமை?"

"அன்னைக்கா?" டீச்சர் யோசித்தாள். "ஸ்கூல்ல தண்ணி வரலைன்னு லீவு விட்டாங்க. நான் வீட்டுலதான் இருந்தேன். கேள்வித்தாள் அடிக்கலாம்னு லேப்டாப்பைத் திறந்தேன். ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க! அவர் வேலை பார்த்த ஸ்கிரீன் அப்படியே இருந்துச்சு. கறுப்புல பளீர் பளீர்னு வெள்ளைப் பட்டையா. எனக்கே கண்ணைக் குத்துச்சு. ஏற்கெனவே கண் எரிச்சல்ங்கிறார், இதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா எரியாம என்ன செய்யும்? செட்டிங்ஸ்ல தேடித் தேடி ஒரு வழியா அந்தப் பட்டையை நிறுத்தினேன். ஒரே ஒரு டிக் மார்க்தான் மேடம், எடுத்துட்டேன். ராத்திரி வந்தா சொல்லணும்னு நினைச்சு மறந்தே போயிட்டேன்."

ரேடியோ டம்ளரைத் தரையில் வைத்தான்.

"ஆனா அது வீட்டு லேப்டாப்," என்றாள் டீச்சர். "ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அணைச்சது யாரு?"

ப்ரோகிராமரின் கையில் டம்ளர் சாய்ந்து டீ முழங்காலில் கொட்டியது. அவனுக்குச் சுட்டதாகவே தெரியவில்லை. "ஐயையோ, சுட்டுடுச்சா?" என்று டீச்சர் துணி எடுக்க உள்ளே ஓடினாள்.

அவன் புரூஃபின் மணிக்கட்டைப் பிடித்தான். ஒரே தடவையில், சரியாக.

"சொல்லாதீங்க," என்றான். குரல் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. "நாளைக்கு நானே அணைச்சேன்னு ஒத்துக்கிறேன்."

"அந்த நேரத்துல நீங்க மீட்டிங்ல இருந்தீங்க."

"குத்தத்தை ஒத்துக்கிறவன்கிட்ட யாரும் நேரம் கேக்க மாட்டாங்க. கண்ணு தெரியாம பம்ப்புக்கு கோட் எழுதினவன் நான். ஜெயிலுக்கு அது ஒண்ணே போதும். கண்ணு விஷயம் அவளுக்குத் தெரிஞ்சா தெரியட்டும். இது வேண்டாம். இது தெரிஞ்சா அவ உயிரோட இருக்க மாட்டா மேடம்."

டீச்சர் துணியோடு வந்து மண்டியிட்டு அவன் முழங்காலைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"நீங்க இன்னும் பதில் சொல்லல."

புரூஃப் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிழையைக்கூடத் தெரிந்தே விட்டதில்லை என்று பெயர் வாங்கியவள்.

"கண்டுபிடிக்க முடியல டீச்சர்."

"என்ன சொல்றீங்க?"

"முடியல. என்னை மன்னிச்சுடுங்க."

டீச்சர் எழுந்து நின்றாள். அழுவாள் என்று ரேடியோ எதிர்பார்த்தான். அவள் வகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணையை வச்சுக்கிட்டு இன்னைக்கு வந்து முடியலைங்கிறீங்க. எடிட்டர்ல மாத்தினதெல்லாம் பதிவாகும்னு இவர் சொல்லியிருக்கார், ஆபீஸ்ல உங்களுக்கு அதைக் குடுத்திருப்பாங்க. அதைக் குடுங்க. நானே பார்க்கிறேன்."

புரூஃபின் பை அவள் மடியில் இருந்தது. தாள்களின் நுனி வெளியே தெரிந்தது.

"பஸ்ஸுல விட்டுட்டேங்க," என்று ரேடியோ எழுந்து பைக்கு முன்னால் வந்து நின்றான். "என்னோட தப்புதான். அண்ணி திட்டிக்கிட்டே வந்தாங்க."

டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு.

"பரவால்ல. எட்டு மணிக்கே ஆபீஸுக்குப் போயிடறேன். அட்மின் தம்பிகிட்ட இன்னொரு காப்பி இருக்கும்ல?"

ப்ரோகிராமர் ஈர முழங்காலோடு, மனைவியின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது மாடிவரை இருவரும் இறங்கினார்கள். அங்கே ரேடியோ நின்றான்.

"சாவிக்கு ஃபோன் பண்ணிடட்டுமா அண்ணி? குடுக்காதேன்னு?"

"பெஞ்சுல உட்கார்ந்திருக்காரே, அவருக்கு யார் ஃபோன் பண்றது?"

ரேடியோ ஃபோனை மறுபடியும் பாக்கெட்டில் போட்டான்.

"அந்தப் பதிவைப் பார்த்தா டீச்சருக்குப் புரியுமா? நமக்கே சாவி சொல்லித்தான் புரிஞ்சுது."

"முப்பது குழந்தைங்க கிறுக்கறதைத் தினமும் படிக்கிறவங்கடா," என்றாள் புரூஃப். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள். "பத்து நிமிஷம் ஆகும்."